பாளையங்கோட்டையில் பிள்ளையைக் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்திருக்கிறீர்களா?

முதல் வாரமே மகளின் டைரியில் ஒரு வரி வந்தது: "வெள்ளி காலை 8.00 மணிக்குத் திருப்பலி. மாணவியர் 7.45-க்கு வர வேண்டும்." என் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "பலியா? எதைப் பலி குடுக்காங்க?" என்றார். எனக்கும் தெரியவில்லை. மறுநாள் ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "சர்ச்ல பூச அண்ணாச்சி. ஃபாதர் பிரசங்கம் வைப்பாரு, பிள்ளைய பாட்டு பாடும், முடிஞ்சதும் முட்டாய் குடுப்பாவ. பயப்படாதிய" என்றார்.

கொங்குப் பக்கத்திலிருந்து மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த எங்களுக்கு இது புது உலகம். தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பள்ளியோ கல்லூரியோ நிற்கும். 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று இந்த ஊரைச் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை கிறிஸ்தவ நிறுவனங்கள். படிப்பவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. பள்ளியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நீங்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பள்ளிச் செய்தியில் பாதி, யாரும் சொல்லாமலே முன்கூட்டித் தெரியக்கூடியது. மீதிப் பாதி கேட் பக்கம் நிற்பவர்களிடம் இருக்கிறது.

முதலில், பள்ளி யாருடையது என்று பாருங்கள்

'கிறிஸ்தவப் பள்ளி' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இரண்டு பெரிய வீடுகள் இருக்கின்றன. ஒன்று ரோமன் கத்தோலிக்கர், ஊர் வழக்கில் ஆர்.சி. மற்றது சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் போன்ற பல சபைகள் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானது அது. எந்த வீடு என்று தெரிந்தால்தான் சுற்றறிக்கையில் வரும் சொற்கள் புரியும்.

ஆர்.சி. பள்ளியில் 'செபம்' என்று எழுதுவார்கள், சி.எஸ்.ஐ. பள்ளியில் 'ஜெபம்'. அங்கே திருப்பலி, இங்கே ஆராதனை. ஒரு வட்டாரத்துச் சபை மக்கள் அங்கே பங்கு, அவர்களுக்குப் பொறுப்பான குரு பங்குத்தந்தை. இங்கே சேகரம், சேகர குரு. ஒரு பிஷப்பின் கீழ் வரும் பகுதி (டயோசிஸ்) அங்கே மறைமாவட்டம், இங்கே திருமண்டலம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் அங்கே தவக்காலம், இங்கே லெந்து நாட்கள். 'பேராயர் வருகிறார்' என்று நோட்டீஸ் பார்த்தால் இன்னும் கவனம் தேவை. சி.எஸ்.ஐ.யில் பிஷப்பையே பேராயர் என்பார்கள். ஆர்.சி.யில் பிஷப் ஆயர்தான். பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். விழாவுக்கு வருபவர் யார் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

பெரிய குழப்பம் 'ஐயர்' என்ற சொல்லில் வரும். நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா. "நாளைக்கு ஐயர் வந்து ஜெபம் பண்ணுவாங்க" என்று மகள் வந்து சொன்னால் விழிக்க வேண்டாம். ஆர்.சி.யில் ஃபாதர், சிஸ்டர், பிரதர். எழுத்தில் அருட்தந்தை, அருட்சகோதரி. ஆசிரியர்கள் இரண்டு இடத்திலும் சார், டீச்சர், மிஸ். இதில் தப்பு செய்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிஸ்டரை 'மேடம்' என்று ஒரு வருடம் அழைத்தவன் நான்.

அப்புறம் நிர்வாகம். கையெழுத்துப் போடுபவர் தலைமையாசிரியர், அவருக்கு மேலே தாளாளர். தாளாளர் சபையின் பிரதிநிதி. கான்வென்டில் பெரும்பாலும் ஒரு சிஸ்டரே தாளாளர். சி.எஸ்.ஐ. திருமண்டலப் பள்ளிகளில் திருமண்டலத் தேர்தல் மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும். அதோடு நிர்வாகத்தில் முகங்களும் மாறும். டி.டி.டி.ஏ. என்று பெயர்ப் பலகை பார்த்தால் அது திருநெல்வேலித் திருமண்டலத்தின் பள்ளி. தூத்துக்குடி–நாசரேத் 2003-ல் தனித் திருமண்டலமாகப் பிரிந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்கள் 'நம்ம டயோசிஸ்' என்று சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்க்கும் நாளிலேயே விசாரியுங்கள்: பிள்ளை இருப்பது அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே வளாகத்தில் இரண்டும் இருக்கும். உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது. பாடப்புத்தகமும் சத்துணவும் வரும். 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. சுயநிதிப் பிரிவுக்குக் கட்டணம் உண்டு. சுற்றறிக்கை எந்தப் பிரிவுக்கு என்று பார்க்காமல் ஃபீஸ் கவுண்டரில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியின் பெயரிலேயே ஒரு தேதி இருக்கிறது

ஆர்.சி. பள்ளி என்றால் பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயர் இருக்கும். அந்தப் புனிதரின் திருநாள்தான் பள்ளியின் திருநாள். பள்ளி திறந்த கையோடு ஜூன் 13-ல் அந்தோணியார். ஜூலை 26 அன்னாள், ஜூலை 31 இஞ்ஞாசியார். அக்டோபர் 1 குழந்தை தெரசம்மாள், டிசம்பர் 3 சவேரியார். ஜனவரி 31 தொன்போஸ்கோ, பிப்ரவரி 4 அருளானந்தர், மார்ச் 19 சூசையப்பர். பெயர்களில் ஏமாறாதீர்கள்: பலகையில் சேவியர் என்று இருக்கும், அழைப்பிதழில் சவேரியார் என்று வரும். ஜோசப், சூசையப்பர், வளனார் மூன்றும் ஒருவரே. ஜான் டி பிரிட்டோதான் அருளானந்தர். 1693-ல் ஓரியூரில் கொல்லப்பட்டவர்.

திருநாளன்று பாடம் நடப்பது சந்தேகம். காலையில் திருப்பலி, பிறகு கலை நிகழ்ச்சி, சில இடங்களில் அரைநாள். வேலைக்குப் போகிற பெற்றோர் இந்த ஒரு தேதியை ஜூன் மாதமே குறித்துக்கொண்டால் வருடத்தில் ஒரு மத்தியானம் பதறாமல் இருக்கலாம்.

சி.எஸ்.ஐ. பள்ளிகளில் புனிதர் பெயரும் உண்டு. ஆனால் மிஷனரிகள், நன்கொடையாளர்கள் பெயர் அதிகம். இந்த ஊரின் சாராள் தக்கர் நிறுவனங்களுக்குப் பெயர் கொடுத்த பெண்மணி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் சகோதரர்தான் சென்னையில் மிஷனரியாக இருந்தார். இப்படிப்பட்ட பள்ளிகளில் நிறுவனர் நாள் பெரிதாக இருக்கும். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் போன்ற பெயர்கள் பேச்சுப்போட்டித் தலைப்பாக வீடு தேடி வரும். உரை எழுதிக் கொடுப்பது அப்பா அம்மா வேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வருட ஓட்டத்தைச் சுவரில் ஒட்டுங்கள்

பள்ளி தரும் கையேட்டில் நாள்காட்டி இருக்கும். அதோடு இவற்றையும் நீங்களே எழுதிச் சேருங்கள்.

ஜூனில் தொடக்க செபம். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். மேடை நிகழ்ச்சி நிச்சயம். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், ஆர்.சி.க்கு அதே நாள் மரியன்னை விண்ணேற்புப் பெருவிழாவும். கொடியேற்றம் முடிந்ததும் கூட்டம் கோயில் பக்கம் நகரும். மிட்டாய் இரண்டு இடத்திலும் உண்டு. செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள், அந்த வாரம் வருகை குறையும். அக்டோபர் ஆர்.சி.யில் செபமாலை மாதம்.

டிசம்பர்தான் உச்சம். அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். குடில் கட்டவும் நட்சத்திரம் செய்யவும் பிள்ளையைக் கூப்பிடுவார்கள்; நீங்கள் கணக்குத் தேர்வை நினைத்துப் பல்லைக் கடிப்பீர்கள். பிறகு 'கிறிஸ்மா–கிறிஸ்சைல்டு' என்ற விளையாட்டு. சீட்டுப் போட்டு ஒருவருக்கு ஒருவர் ரகசியமாகப் பரிசு கொடுப்பது. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று என் மகள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பரிசுக்குப் பணம் மட்டும் என்னிடம் கேட்டாள். பெரும்பாலும் ஒரு விலை வரம்பு சொல்வார்கள், அதைத் தாண்டாதீர்கள். தாண்டினால் பரிசு வாங்குகிற பிள்ளைக்குத்தான் சங்கடம்.

ஈஸ்டர் வருடா வருடம் நகரும். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20. அதற்கு 46 நாள் முன்பு, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். அன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு சில பிள்ளைகள் வருவார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் பலர் கறி சாப்பிட மாட்டார்கள். பிறந்தநாளுக்குச் சிக்கன் பஃப்ஸ் அனுப்ப அந்த வெள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நான் தேர்ந்தெடுத்தேன், டப்பா பாதிக்குமேல் திரும்பி வந்தது.

முழுப் பரீட்சை முடிந்ததும் வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி. சபைகள் நடத்துவது. பாட்டு, கதை, கைவேலை, ஜூஸ். பள்ளியில் நோட்டீஸ் கொடுப்பார்கள். போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

செய்தி எப்படி வருகிறது, எதை நம்புவது

டைரியில் எழுதி வருவதும், தலைமையாசிரியர் கையெழுத்தோடு முத்திரை வைத்து வரும் சுற்றறிக்கையும்தான் முதல் தரம். நோட்டீஸ் போர்டும் அப்படித்தான். வாரம் ஒருமுறை கேட்டுக்குள் போய் அதைப் படியுங்கள். பிள்ளை டைரியில் எழுதாத விஷயம் நிறைய அதில் இருக்கும்.

இரண்டாவது, காலை அசெம்பிளி. தமிழ்த்தாய் வாழ்த்து, செபம், வேத வசனம், திருக்குறள், உறுதிமொழி, செய்தி வாசிப்பு என்று ஓடும். பள்ளியின் முக்கிய அறிவிப்புகள் கடைசியில் வரும். அப்போது பிள்ளைகள் வெயிலில் நின்று களைத்திருப்பார்கள். அதனால் "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன?" என்று கேட்காதீர்கள், "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "அசெம்பிளில கடைசியா யார் பேசினாங்க, என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். ஏதாவது கிடைக்கும்.

மூன்றாவது வாட்ஸ்அப். வகுப்பாசிரியர் மட்டும் பதிவிடக்கூடிய குழு ஒன்று இருக்கும், பெற்றோர் தாங்களாகத் தொடங்கியது ஒன்று இருக்கும். முதலாவதில் வருவது செய்தி. இரண்டாவதில் வருவது பாதி செய்தி, பாதி பதற்றம். மழைக் காலத்தில் இந்த வேறுபாடு முக்கியம். ஒரு நவம்பர் காலை 'நெல்லை மாவட்டத்துக்கு விடுமுறை' என்று ஒரு படம் வந்தது. மகளைத் தூங்கவிட்டேன். அது முந்தைய வருடத்துப் படம். ஒன்பதரைக்கு ஆசிரியை போன் செய்தபோது என்னிடம் சொல்லப் பதில் இல்லை. மழை விடுமுறையை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். அறிவிப்பில் தேதியைப் பாருங்கள், ஊரைப் பாருங்கள், பள்ளியா கல்லூரியும் சேர்த்தா என்று பாருங்கள். உள்ளூர் விடுமுறையும் ஆட்சியர் அறிவிப்பதே. பள்ளித் திருநாளுக்கு விடும் லீவு அந்தப் பள்ளிக்கு மட்டும். பக்கத்துத் தெருப் பள்ளியில் படிக்கும் தம்பிக்குக் கிடையாது.

அலுவலகத்தில் கொடுத்த போன் நம்பர் மாறினால் உடனே சொல்லுங்கள். எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவில் பழைய நம்பர் இருந்தால் பல நாள் கழித்துத்தான் அது தெரியவரும்.

நான்காவது கேட். என் அனுபவத்தில் மிக வேகமானது இதுதான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். வாட்ச்மேன் அண்ணாச்சி, ஆயாம்மா, வேன் ஓட்டுகிறவர், வாசலில் மாங்காய் விற்கும் அக்கா. எந்தக் கேட்டை எப்போது பூட்டுவார்கள், ஆண்டு விழா ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், சிஸ்டர் இன்று பேசக்கூடிய மனநிலையில் இருக்கிறாரா என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். பத்து நிமிடம் முன்னதாகப் போய் நின்றால் போதும்.

சபைப் பத்திரிகைகளையும் ஒரு கண் பார்க்கலாம். கத்தோலிக்கருக்கு 'நம் வாழ்வு' வார இதழ், திருநெல்வேலித் திருமண்டலத்துக்கு 'நற்போதகம்' மாத இதழ். நமக்கு அதில் எல்லாம் வேண்டியதில்லை. ஆனால் மாற்றல், புது நியமனம், பள்ளி விழா என்று சில வரிகள் நம்மைத் தொடும்.

செபத்தில் நம் பிள்ளை நிற்க வேண்டுமா?

புதியவர்கள் எல்லோரும் மனசுக்குள் வைத்திருந்து யாரிடமும் கேட்காத கேள்வி இது. அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவில் நேரடியாகப் பதில் இருக்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மைனர் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். அதே அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நடைமுறையில் பல பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (அவர்கள் மத வகுப்பு) நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். அசெம்பிளி செபத்தின்போது பிள்ளைகள் எல்லோரும் அமைதியாக நிற்பார்கள். என் மகள் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் கந்த சஷ்டி கவசத்தையும் ஒரே மூச்சில் சொல்லுவாள். என் அம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை; இப்போது கவசத்தில் அவள் விடும் வரிகளைத் திருத்துவதோடு சரி. உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் தனியாக, சேர்த்த முதல் மாதத்திலேயே சொல்லுங்கள். பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். ஜனவரியில் திடீரென்று எழுப்பினால் அது வேறு விதமாகப் புரிந்துகொள்ளப்படும். பொட்டு, பூ, கயிறு பற்றிய விதிகள் பள்ளிக்குப் பள்ளி மாறும். கையேட்டில் பாருங்கள், அதில் இல்லையென்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைவது எப்படி

ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரம் பார்ப்பவரை யாருக்கும் நினைவிருக்காது. விளையாட்டு விழாவில் தண்ணீர் கேன் தூக்கியவரை அடுத்த வருடம்வரை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

சி.எஸ்.ஐ. வட்டாரத்தில் அறுப்பின் பண்டிகையும் அசனமும் தவறவிடக்கூடாதவை. விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குப் படைத்து, அதை ஏலம் விடுவார்கள். அசனம் என்றால் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சோறு. அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள். ஏலத்தில் மட்டும் கையை அடக்கி வையுங்கள். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லக் கையைத் தூக்கிய நான் ஒரு பூசணிக்காய்க்கு முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். "திருப்பிக் குடுத்திருங்க, மறுபடி ஏலம் விடுவோம்" என்றார்கள். கொடுத்தேன். அது இன்னும் கூடுதலாகப் போனது.

ஆர்.சி. பள்ளிகளில் தவக்கால உண்டியல் வீட்டுக்கு வரும். பிள்ளைகள் தங்கள் செலவைக் குறைத்துச் சேர்க்க வேண்டிய காசு அது. அப்பா கடைசி நாளில் நூறு ரூபாய் போட்டு நிரப்புவது நோக்கமல்ல என்று எனக்கு விளக்கப்பட்டது. இந்த ஊரில் காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் இருப்பதால், அங்கே பிள்ளைகளை அழைத்துப் போவதும் உண்டு. உடன் வரப் பெற்றோரைக் கேட்டால் சரி என்று சொல்லுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எங்கள் பள்ளியில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு மேடை தயாராக இருந்தது. நிகழ்ச்சி நின்றது. அதே ஹாலில் பாய், போர்வை, பிஸ்கட், அரிசி என்று குவிந்தது. அதுவரை வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பெற்றோர் பலரோடு நான் முதல்முறை பேசியது அந்த நான்கு நாட்களில்தான். பெற்றோர் குழுவில் ஒரு ஃபார்வர்டுகூட வராத நாட்களும் அவைதான்.

பணம், புகார்

சுருக்கமாகச் சொல்கிறேன். எதற்குப் பணம் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. கட்டாய நன்கொடைக்கு எதிராக 1992-லிருந்து சட்டம் இருக்கிறது. விழா நன்கொடை விருப்பத்தைப் பொறுத்தது. முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள்.

குறை இருந்தால் முதலில் வகுப்பாசிரியர், அடுத்து தலைமையாசிரியர், பிறகு தாளாளர். நேராகத் தாளாளரிடமோ பங்குத்தந்தையிடமோ போனால் விஷயம் கனத்துவிடும்; கீழே இருப்பவர்கள் அதை மறக்க மாட்டார்கள். எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், 1098-ஐ அழையுங்கள்.

மே மாதம்

துறவற சபைகள் நடத்தும் பள்ளிகளில் மாற்றல் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் வரும். இரண்டு மூன்று வருடம் பழகிய சிஸ்டர் ஒரு பெட்டியோடு வேறு ஊருக்குப் போய்விடுவார். பிரிவு உபசார விழா நடந்தாலும் பாதிப் பேருக்குத் தெரியாது, லீவு அல்லவா. கேட் பக்கம் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு, பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

ஜூனில் புதுத் தலைமையாசிரியை வருவார். பின்பக்கக் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று அவருக்கும் தெரியாது. வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கேட்கச் சொல்லுங்கள்.